நாற்பத்தொன்றாம் மலையின் இன்னொரு மேடு

மலையேற்றச் சங்கத்தின் எண்பத்தாறு சிகரங்கள் கொண்ட பட்டியலை ஏறி முடிக்க அவருக்குப் பதினொரு வருடம் பிடித்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். ஞாயிறு வந்தால் வீடு தங்கமாட்டார். அந்த வருடங்களில் அவர் மனைவி தனியாகப் போய்வந்த கல்யாணங்களுக்குக் கணக்கில்லை. கடைசி மலை முடிந்த அன்று அவருடைய பூட்ஸைப் பரணில் தூக்கிப் போட்டவளும் அவள்தான்.

மூன்றே வாரத்தில் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. புதிதாக அளந்ததில், நாற்பத்தொன்றாம் மலையின் உச்சி இவ்வளவு நாள் எல்லோரும் ஏறிய மேடு இல்லையாம். பக்கத்து மேடு இரண்டடி உயரமாம்.

"அப்போ எண்பத்தஞ்சுதான் ஆயிருக்கு" என்றார், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்து.

"ரெண்டடிக்காக நாலு மணி நேரம் வண்டி ஓட்டணுமா? ஒரு ஸ்டூல் போட்டு ஏறினதா நினைச்சுக்குங்க."

"ஏறாத மலைய ஏறினேன்னு எப்படிச் சொல்றது?"

"யாரு வந்து கேக்கப்போறா?"

"நான் கேப்பேன்ல."

இதற்குமேல் பேசினால் தொண்டைத் தண்ணீர்தான் வற்றும். ஆனால் வலது முட்டி வீங்கிக்கொண்டே இருக்கிற மனுஷனைத் தனியாக அனுப்பவும் மனம் வரவில்லை. இரண்டு வருடமாக டாக்டரிடம் போகச் சொல்லி அவள் அலுத்துப்போயிருந்தாள். வீட்டைப் பூட்டிவிட்டுக் கூடவே கிளம்பினாள்.

மலையில் மழை பிசுபிசுத்தது. உச்சிக்கு நூறடி இருக்கையில் முட்டி பிடித்துக்கொண்டது. அவர் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் போய்த் தொட்டுட்டு வந்துடறேன். போதுமா?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "நீ தொட்டா உன் கணக்குலதான் வரும்."

"எனக்கு எதுக்குக் கணக்கு? எழுந்திருங்க."

அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, திட்டிக்கொண்டே ஏற்றினாள். அவர் வராத கல்யாணங்களைப் பெயர் சொல்லிச் சொல்லித் திட்டினாள். அந்த நூறடிக்கு அரைமணி நேரம் ஆயிற்று. மேலே இருந்ததெல்லாம் சேறும் ஒரு கல்லும்தான். அவர் கல்மேல் ஒரு காலை வைத்தார். பிறகு பழைய மேட்டை உற்றுப் பார்த்தார்.

"இங்கிருந்து பாத்தா அதுதான் ஒசரமாத் தெரியுது."

அவள் அவர் பையை வாங்கி, பட்டியலை எடுத்து, தன் பேனாவால் நாற்பத்தொன்றில் அழுத்தி ஒரு கோடு போட்டாள். காகிதம் கிழிந்துவிட்டது.

இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். வண்டியை அவள்தான் ஓட்டினாள். பாதி வழி வந்திருந்தது.

"திங்கக்கிழமை அந்த முட்டி டாக்டர் இருப்பாரா?" என்றார்.

"இருப்பாரு."

"போலாம்." சற்று நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். "சரியாயிடுச்சுன்னா, வடக்குப் பக்கம் இன்னொரு லிஸ்ட்..."

அவள் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.