மேசைக்கடியில் பாரோனே

இத்தாலியின் பொத்சுவோலியில் நிலம் ஆடுவது ஒரு செய்தியே இல்லை. காப்பிக் கோப்பை தட்டில் கிணுகிணுத்தால் கோப்பையைப் பிடித்துக்கொள்வார்கள், பேச்சை விடமாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் போய், தலைமுடியின் அகலம்கூட இல்லாத லென்ஸ்களை அச்சடிக்கும் பட்டறையை வைத்தார் அட்டிலியோ. அவர் புத்தியை என்னவென்று சொல்ல! அது மை தெளிக்கும் அச்சு இயந்திரம்தான். மைக்குப் பதிலாகத் திரவப் பிசின். கண்ணாடித் தகட்டின்மேல் ஆயிரக்கணக்கான துளிகள் ஒன்றையொன்று தொடாமல் வரிசையாக விழும். புற ஊதா விளக்கைப் போட்டால் அப்படியே இறுகி லென்ஸாகிவிடும். அதற்குள் தரை ஆடினால், துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குட்டையாகிவிடும்.

இயந்திரத்தை ஓட்டுபவள் நுன்ட்சியா. மாதக்கணக்கில் குட்டைகளையே அச்சடித்து நொந்துபோய், ஒருநாள் தன் நாய் பாரோனேயைக் கூட்டிவந்தாள். நிலம் ஆடுவதற்குச் சற்று முன் அது ஊளையிடும். உடனே விளக்கைப் போடுவாள். துளிகள் இறுகியபின் பூமி இஷ்டத்துக்கு ஆடிக்கொள்ளட்டும்.

இன்று லென்ஸ் வாங்கும் ஜெர்மன் கம்பெனியிலிருந்து தரம் பார்க்க வெண்டலின் வந்திருந்தார். அவர் தலையசைக்காவிட்டால் பட்டறை, நிலம் ஆடாத டுரின் நகரத்துக்குப் போய்விடும். நுன்ட்சியா இந்த ஊரை விட்டு எங்கேயும் போவதாக இல்லை. வேலைதான் போகும்.

"அதிர்வைச் சமாளிக்க என்ன ஏற்பாடு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார் வெண்டலின்.

அட்டிலியோ இருமினார். நுன்ட்சியா மேசைக்கடியைக் காட்டினாள்.

"நாயா?"

"நாய்னு சொல்லாதீங்க சார், கோவிச்சுக்கும். பேரு பாரோனே."

"இது சரியா வேலை செய்யுதுன்னு சான்றிதழ் ஏதாவது?"

"தடுப்பூசி போட்ட அட்டை இருக்கு. போதுமா?"

"தாயே, கொஞ்சம் வாயை மூடு," என்று பல்லைக் கடித்தார் அட்டிலியோ.

வெண்டலின் சிரிக்கவில்லை. அச்சடிக்கச் சொன்னார். தகடு பாதி நிறைந்தபோது பாரோனே ஊளையிட்டது. நுன்ட்சியா இயந்திரத்தை நிறுத்தி விளக்கைப் போட்டாள்.

"எதுக்கு நிறுத்துனீங்க? ஒண்ணும் ஆடலையே."

"ஆடும் சார். பொறுங்க."

ஒன்றும் ஆடவில்லை. வெண்டலின் பையை எடுத்துக்கொண்டார். மானத்தை வாங்கிவிட்டாயே படுபாவி என்று நுன்ட்சியா மேசைக்கடியை முறைத்தாள்.

ஜன்னல்கள் கடகடத்தன. அலமாரி தானாக நகர்ந்தது. எல்லாம் அடங்கியபோது வெண்டலின் மேசைக்கடியில், நாயை இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நுன்ட்சியா தகட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். ஒரு துளிகூட இன்னொன்றோடு ஒட்டவில்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வந்து பாருங்க சார்!"

"வேண்டாம், நான் நம்பறேன்," என்றார் வெண்டலின், வெளியே வராமலே. "அருமையான கருவி. உங்களுக்கே ஆர்டர்."

அட்டிலியோ சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

"ஒரே ஒரு கேள்வி. இது எந்த வருஷத்து மாடல்?"

"பதிமூணு வயசாகுது சார்."

"இன்னும் எத்தனை வருஷம் ஓடும்?"

நுன்ட்சியா மேசைக்கடியில் குனிந்தாள். பாரோனே அவள் கையை நக்கியது. அதன் முகமெல்லாம் நரைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

"அதை மட்டும் கேக்காதீங்க சார்," என்றாள்.