வளையம் பார்க்கும் நாள்

வளையம் பார்க்கும் நாளில் முதலில் வண்டியேறுவது லியென்ஷீதான். பதினொரு வருடமாக அப்படித்தான். ஊரின் பெண்கள் பொறுப்பாளரான அவளே முன்னால் போய் நின்றால்தான் மற்றவர்கள் வருவார்கள் என்று மேலிடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே வண்டி பள்ளிக்கூட முற்றத்தில் வந்து நிற்கும். பெண்கள் ஒவ்வொருவராக இருட்டுத் திரைக்குப் பின்னால் போவார்கள். கருப்பையில் வைத்த வளையம் இடத்தில் இருக்கிறதா, வயிற்றில் வேறு ஏதாவது வளர்கிறதா என்று பார்த்துச் சீட்டில் முத்திரை குத்துவார்கள். முத்திரை இல்லாதவள் வீட்டுக்கு மறுநாள் ஆட்கள் வருவார்கள். அந்த ஆட்களுக்கு வழி காட்டுவதும் லியென்ஷீதான்.

முதல் நாள் சாயங்காலம் குய்லான் வந்தாள். இரண்டு வீடு தள்ளி இருப்பவள். மூன்று வருடமாக இந்த வாசலை மிதித்ததில்லை. லியென்ஷீ முற்றத்தில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். குய்லான் எதிரில் உட்கார்ந்து தானும் ஒரு கதிரை எடுத்துக்கொண்டாள்.

"அந்தக் கைவண்டி இன்னும் இருக்கா அக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

மூன்று வருடத்துக்கு முன், பனி கொட்டிய ஒரு காலையில், ஏழு மாதக் கர்ப்பிணியான குய்லானை அந்தக் கைவண்டியில்தான் லியென்ஷீ டவுனுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். சும்மா பரிசோதனை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று சொன்னாள். குளிருக்குத் தன் போர்வையைப் போர்த்திவிட்டாள். இருட்டும்போது திரும்பினார்கள். வயிறு இல்லை. அந்த வாரமே குய்லான் போர்வையைத் துவைத்து மடித்துக் கொடுத்தனுப்பினாள். அதற்குப் பிறகு சந்தில் பார்த்தால், சாப்பிட்டாச்சா அக்கா என்று கேட்பாள். அவ்வளவுதான்.

கதிர் பாதி ஆனதும் குய்லான் விஷயத்துக்கு வந்தாள். அவளுடைய ஓரகத்தி யூஃபெனுக்கு ஐந்து மாதம். உள்ளே வளையம் இருக்கும்போதே கரு தங்கிவிட்டது; போன தடவை பார்த்த பிறகு வளையமும் தானாக விழுந்துவிட்டது. மூத்தவளுக்கு இரண்டு வயதுதான்; அடுத்ததற்கு அனுமதி வாங்க இன்னும் இரண்டு வருடம் போக வேண்டும். நாளை வண்டியில் ஏறினால் தெரிந்துவிடும். ஏறாவிட்டாலும் தெரிந்துவிடும்.

சொன்னாளே தவிர எதையும் கேட்கவில்லை. கதிரை முழுக்க உதிர்த்து முடித்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் முப்பத்தெட்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். கூட வந்த எழுத்தர் ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். லியென்ஷீ வழக்கம்போல முதலில் போய் முத்திரை வாங்கி வந்தாள். பிறகு பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள்.

"நேத்து தின்ன கொழுக்கட்டை அந்த மிஷின்ல தெரியுமா?" என்று குண்டு தாஹொங் கேட்டாள்.

"படம் பார்க்கிறவரு எத்தனைன்னே எண்ணிடுவாரு. உன் புருஷனுக்கு மிச்சம் வெக்கலங்கிறதும் தெரிஞ்சிடும்," என்றாள் பின்னால் நின்றவள். வரிசை சிரித்தது.

பத்தொன்பதாவது பெயர் யூஃபென். லியென்ஷீ கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். பிறகு பதிவேட்டைத் தாஹொங் கையில் கொடுத்தாள். யூஃபெனின் சீட்டை எடுத்துக்கொண்டு வண்டியின் படியில் ஏறினாள்.

சிரிப்பு நின்றது. காட்டிக்கொடுப்பவர்களுக்குப் பரிசு உண்டு. வரிசையில், அனுமதியில்லாமல் பெற்றதற்காக லியென்ஷீ பன்றியைப் பிடித்துக்கொண்டு போன வீட்டுக்காரி இருந்தாள். கூரையைப் பிரித்த வீட்டுக்காரி இருந்தாள். யாரும் வாய் திறக்கவில்லை.

உள்ளே இருட்டு. படம் பார்க்கும் மெங் முகங்களைப் பார்ப்பதில்லை. பச்சையாக மங்கி ஒளிரும் திரையில் இடுப்பெலும்பு மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

"பேரு?"

"யூஃபென்."

"மூச்சை அடக்கு."

பலகை வயிற்றில் சில்லென்று பட்டது. நேரம் கூடுதலாக ஆயிற்று.

"சீட்டுல செம்புன்னு இருக்கு. இது இரும்பு வட்டம்."

இளம் பெண்களுக்கு வசந்தத்திலிருந்து புது மாதிரி செம்புதான் வைக்கிறார்கள். சீட்டில் அதை எழுதியவள் லியென்ஷீ. ராத்திரி முழுக்கக் குரலை யோசித்தாள், தலைத்துணியை யோசித்தாள், வரிசையை யோசித்தாள். இதை யோசிக்கவில்லை.

"இடது பக்கம் சாய்ஞ்ச வட்டம்," என்றார் மெங். "காலையில முதல் ஆளுக்கும் இதேதான்."

அவள் அடக்கிய மூச்சை விட்டாள்.

"அவளுக்கு எத்தனை மாசம்?"

"அஞ்சு."

"அடுத்த தடவை நான் வர்றப்போ எட்டு." முத்திரை விழும் சத்தம் கேட்டது. "அப்ப ஆளு ஊர்ல இருந்தா நான் பார்த்துத்தான் ஆகணும் அக்கா. இல்லாத ஆளை எப்படிப் பார்க்கிறது?"

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. வரிசையில் எல்லோரும் அவளைப் பார்க்காமல் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாஹொங் பதிவேட்டை நீட்டினாள். லியென்ஷீ வாங்கி, யூஃபென் பெயருக்கு நேரே, செம்பு, இடத்தில் இருக்கிறது என்று எழுதினாள். இரண்டு முறை பேனாவை உதற வேண்டியிருந்தது.

அடுத்த பெயர் குய்லான்.

குய்லான் வந்தாள். படியில் கால் வைக்கும் முன் நின்றாள்.

"சாயங்காலம் கைவண்டியை எடுத்துக்கிறேன். அவளை அவ அம்மா ஊருக்குக் கொண்டுபோய் விடணும்."

"போர்வை தரட்டுமா?"

"வேணாம். என்கிட்ட இருக்கு."

லியென்ஷீ தலையாட்டினாள்.

"வலது சக்கரம் கிறீச்சிடும்," என்றாள். "எண்ணெய் விட்டு வைக்கிறேன்."