முகப்பு விளக்கில் கட்டிய ஓலை

“அப்பா, இந்த ஓலைய நான் எடுத்துக்கிடட்டா?” என்று பூங்கனி கேட்டாள்.

பொன்னுலிங்கம் தேங்காயும் பழமும் வைத்த தட்டை ஒரு கையிலும், மனைவியின் முழங்கையை மறு கையிலும் பிடித்திருந்தார். கோயிலுக்குப் போகும் வழி எது, கூட்டம் எவ்வளவு என்று எட்டிப் பார்த்துக்கொண்டே “ம்” என்றார். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருடம், தை மாதம், பூதப்பாண்டியில் தேரோட்டம். பொன்னுலிங்கத்துக்கு வடசேரியில் ஜவுளிக்கடை. மனைவி சண்முகவடிவு நான்கு மாதம் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள். பிழைத்தால் தேரன்று வந்து கும்பிடுவதாக பூதலிங்கசாமிக்கு நேர்ந்திருந்தாள். பஸ்ஸில் நெருக்குப்பட அவளால் முடியாது. அதனால் பொன்னுலிங்கம் முதன்முதலாக வாடகைக் கார் பிடித்தார். போய்வர எட்டு ரூபாய், அதற்குமேல் என்ன செலவு வந்தாலும் டிரைவர் பாடு என்று பேசி முடித்திருந்தார். துணியை முழம் போடும்போதுகூட ஒரு விரல் விட்டுக்கொடுக்காதவர் அவர்.

டிரைவர் இஞ்ஞாசிக்கு முப்பது வயதிருக்கும். கடற்கரைப் பக்கத்துக்காரன். குடும்பத்தில் எல்லாரும் மீன்பிடி வள்ளத்தில் கடலுக்குப் போக, இவன் ஒருவன் தரையில் பிழைக்க வந்தான். கார் கோட்டாற்று முதலாளி ஒருவருடையது. பழைய வண்டி. முன்னால் இரும்பு ஹாண்டிலைச் செருகிச் சுழற்றினால்தான் கிளம்பும். நம்பிக்கையான ஆள் என்று பெயர் எடுத்ததால்தான் அந்த வண்டி அவன் கையில் இருந்தது.

தேரன்று கார்களை நிறுத்த, மேற்கே பகவதியப்பனின் தென்னந்தோப்பைத் தவிர வேறு இடம் கிடையாது. காருக்கு எட்டணா. ரசீதெல்லாம் இல்லை. காசை வாங்கிக்கொண்டு, ஒரு குருத்தோலையின் வாலை மூன்றாகக் கிழித்து, தனக்கென்று ஒரு மாதிரி முடிச்சுப் போட்டு, காரின் முகப்பு விளக்கில் கட்டிவிடுவான் பகவதியப்பனின் மருமகன் இசக்கி. திரும்பும்போது அந்த முடிச்சை அறுத்து வாங்கிக்கொண்டுதான் வண்டியை வெளியே விடுவான். போன வருடம் சில டிரைவர்கள் முடிச்சைக் கழற்றி, வேலிக்கு வெளியே நின்ற கார்கள் காசு கட்டியதுபோல நுழைய, நாலணாவுக்கு விற்றுவிட்டார்கள். ஆகவே இந்த வருடம், ஓலை இல்லாத வண்டி ஒரு ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்று காலையிலேயே எல்லாரிடமும் சொல்லியிருந்தார்கள்.

பூங்கனிக்கு இதெல்லாம் தெரியாது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குருத்தோலை என்றால் பாம்பு, பந்து, கிளி, பீப்பி. அவள் அதை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு அம்மாவின் பின்னால் நடந்தாள்.

சாயங்காலம் தேர் நிலைக்கு வந்தது. சண்முகவடிவு நெற்றி நிறைய விபூதியும் வாடிய முகத்தில் ஒரு நிறைவுமாக வந்து காரில் ஏறினாள். இஞ்ஞாசி ஹாண்டிலைச் சுழற்றி வண்டியைக் கிளப்பி, தோப்பு வாசலுக்குக் கொண்டுவந்தான். இசக்கி ஓலை அறுக்கும் கத்தியோடு குனிந்து விளக்கைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து இஞ்ஞாசியைப் பார்த்தான்.

“ஓலைய எவனுக்குலே வித்த?”

இஞ்ஞாசி என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினான். மறுபடி கிளப்ப வேண்டுமே என்று ஹாண்டிலையும் எடுத்து மட்கார்டின்மேல் வைத்தான். காலையில் உன் கையில்தான் எட்டணா கொடுத்தேன், நீதானே கட்டினாய் என்று பொறுமையாகச் சொன்னான். இருநூறு வண்டிக்குக் கட்டினேன், உன் மூஞ்சியை நான் நினைவு வைத்திருக்க முடியுமா என்றான் இசக்கி. பின்னால் கார்களும் மாட்டுவண்டிகளும் சேர்ந்துவிட்டன. டிரைவர்கள் சத்தம் போட்டார்கள். பகவதியப்பன் தோளில் துண்டோடு வந்தார்.

அவர் முதலில், காரைவிட்டு இறங்கி நின்ற பொன்னுலிங்கத்திடம்தான் மரியாதையாகக் கேட்டார். வாடகை பேசியவர் நீங்கள், ஒரு ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். அது டிரைவர் பாடு, எட்டு ரூபாய்க்கு மேல் நான் பேசவில்லை என்றார் பொன்னுலிங்கம். சண்முகவடிவு அவர் சட்டையை மெல்ல இழுத்து, கொடுத்துவிடலாமே என்றாள். இன்றைக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லா டிரைவரும் ஓலையைத் தொலைத்துவிட்டு யாபாரி தலையில் கட்டுவான் என்று அவர் அதட்டினார்.

“நானும் தரமாட்டேன்” என்றான் இஞ்ஞாசி. “ரூவாய்க்காவச் சொல்லல்ல. இதக் குடுத்தா நான் ஓலைய வித்தவன்னு ஆவும். நாளைக்கு எவன் எனக்கு வண்டி தருவான்?”

“கள்ளனுக்கு ரோசத்தப் பாரு” என்றான் இசக்கி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அப்போது காரின் பின்சீட்டிலிருந்து, மெல்லியதாக, ஒரு பீப்பிச் சத்தம் கேட்டது.

பொன்னுலிங்கம் திரும்பினார். பூங்கனி கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தாள். கூம்பு மாதிரிச் சுருட்டிய குருத்தோலை. அதன் வால் மூன்றாகக் கிழிந்து, முடிச்சுப் போட்ட இடம் இன்னும் கசங்கிக் கிடந்தது. காலையில் தன் வாயிலிருந்து வந்த அந்த “ம்” அவருக்கு இப்போதுதான் கேட்டது.

அவர் கை சட்டென்று உள்ளே நுழைந்து பீப்பியைப் பறித்தது. பறித்ததை அவர் உயர்த்திக் காட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை பேர் முன்னால் தன் பிள்ளைதான் என்று எப்படிச் சொல்வது, வடசேரி ஜவுளிக்கடைக்காரர் ஒரு ரூபாய்க்காகப் பிள்ளையை விட்டு ஓலையை ஒளித்தார் என்று பேசமாட்டார்களா என்று மனம் ஓடியது. ஓலையை வேட்டி மடிப்புக்குள் செருகினார். ஒரு நிமிஷம் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தார். நல்லதைச் செய்ய ஒரு நிமிஷம் தள்ளிப்போடுகிறவனுக்கு ஆண்டவன் பல நேரம் அந்த நிமிஷத்தைத் தருவதில்லை.

இசக்கி இஞ்ஞாசியின் சட்டைப் பையில் கைவிட்டான். விற்ற காசு அதில் இருக்கும் என்றான். இஞ்ஞாசி அந்தக் கையைத் தட்டிவிட்டான். இசக்கி அவன் கன்னத்தில் அறைந்தான். இஞ்ஞாசி இரண்டு கையாலும் அவனைத் தள்ள, அவன் மல்லாக்க விழுந்து, தென்னை வெட்டிய அடிக்கட்டையில் பின்தலை மோதியது. எழுந்தபோது கழுத்து வழியாக ரத்தம் இறங்கியது.

அந்த ரத்தத்தைப் பார்த்ததும் கூட்டம் வேறாகிவிட்டது. கொஞ்ச நேரம் முன்பு சாமியை நினைத்து வடம் பிடித்த கைகள்தான் அவை. ஒருவன் தென்னமட்டையால் இஞ்ஞாசியின் முதுகில் அடித்தான். ஒருவன் முட்டுக்குப் பின்னால் உதைத்தான். விழுந்தவனை எழவிடவில்லை. வாயில் உதை பட்டு ஒரு பல் உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது. யாருக்காக அடிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஓலை என்ன விலை என்றுகூடச் சிலருக்குத் தெரியாது. பின்வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு மிதி மிதித்துவிட்டு விலகினார்கள். பகவதியப்பன் போதும் போதும் என்று கத்தினார். அவர் குரல் யார் காதிலும் ஏறவில்லை.

பொன்னுலிங்கம் காரின் கதவைப் பிடித்தபடி நின்றார். மறு கை வேட்டி மடிப்பைப் பொத்திக்கொண்டிருந்தது.

இசக்கி மட்கார்டின்மேல் இருந்த ஹாண்டிலை எடுத்தான். முதல் வீச்சு முகப்பு விளக்கில் விழுந்து கண்ணாடி சிதறியது. இரண்டாவது தலையை நோக்கி வந்தபோது இஞ்ஞாசி வலக்கையை உயர்த்தினான். மணிக்கட்டில் பட்டது. காய்ந்த மட்டை ஒடிவது போன்ற சத்தம். கை தொங்கிவிட்டது. அவன் அலறவில்லை, மூச்சை மட்டும் உள்ளே இழுத்தான். இசக்கி மூன்றாவது முறை ஓங்கினான்.

சண்முகவடிவு எப்போது இறங்கினாள் என்று யாரும் பார்க்கவில்லை. நடப்பதற்கே கைபிடிக்க வேண்டியிருந்தவள், இஞ்ஞாசியின்மேல் குப்புற விழுந்து, பட்டுச் சேலையோடு அவன் தலையை மூடிக்கொண்டாள்.

“என்னக் கொல்லு, மக்கா” என்றாள். “நான் போன மாசமே போவ இருந்தவதான்.”

ஓங்கிய இரும்பு நின்றது. பகவதியப்பன் பாய்ந்து அதைப் பிடுங்கினார். மண்ணில் கிடந்தவளின் நெற்றி விபூதி வியர்வையில் கரைவதைப் பார்த்து அவர் தலை குனிந்தார். கூட்டம் தன்னாலே கலைந்தது.

பொன்னுலிங்கம் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துப் பகவதியப்பன் கையில் திணித்தார். எப்படியாவது அங்கிருந்து போய்விட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பில்லை. ஆனால் போகிறவர்களில் ஒருவன், கள்ளனுக்காக முதலாளி கொடுத்துவிட்டார் என்று உரக்கச் சொன்னான். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். இஞ்ஞாசி அதைக் கேட்டான். அடி வாங்கியபோது வராத கண்ணீர் அப்போது வந்தது.

சண்முகவடிவு முந்தானையைக் கிழித்து அவன் கையைக் கட்டினாள். வண்டியைக் கிளப்ப வேண்டும். பொன்னுலிங்கம் வாழ்நாளில் முதன்முறையாக அந்த ஹாண்டிலைத் தொட்டார். உள்ளே உட்கார்ந்திருந்த இஞ்ஞாசி, வீங்கிய உதட்டோடு சொன்னான்.

“பெருவிரல மத்த விரலோட சேத்து வையுங்க, முதலாளி. ஹாண்டில் திருப்பி அடிச்சா கை ஒடிஞ்சிரும்.”

நாலாவது சுழற்றலில் வண்டி பிடித்தது. இடக்கையால் கியரும், வலது முழங்கையால் ஸ்டியரிங் வளையமுமாக அவன் மெல்ல ஓட்டினான். பூங்கனி அம்மா மடியில் அழுது தூங்கிப்போனாள். வண்டி வழியில் புத்தேரி ஊரைத் தாண்டியது.

“பிள்ள ஊதினது எனக்கும் கேட்டுது” என்றான் இஞ்ஞாசி.

“பின்ன ஏன் சொல்லல்ல?” என்று கேட்டார் பொன்னுலிங்கம்.

“சொன்னா அவனுவ பிள்ளயப் பிடிச்சு வெளிய இழுப்பானுவ. பயந்துரும்லா.” கொஞ்ச தூரம் போனபின் மெதுவாகச் சேர்த்துக்கொண்டான். “நீங்க சொல்லுவியன்னு நெனச்சேன்.”

மறுநாள் காலை பொன்னுலிங்கம் கடை திறக்கவில்லை. கோட்டாற்று முதலாளி வீட்டுக்குப் போய், வாடிச் சுருங்கிய ஓலையை அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். உடைந்த விளக்குக்கும் வைத்தியத்துக்கும் கொடுத்தார். பிறகு பூதப்பாண்டிக்கும் போய்ச் சொன்னார். பகவதியப்பன் அபராத ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். தலையில் கட்டோடு நின்ற இசக்கி, “இத நேத்தே சொல்லியிருக்கலாம்லா” என்று கேட்டான்.

எலும்பு கூடுவதற்கு இரண்டு மாதம் ஆனது. கூடியது கோணலாகக் கூடியது. வளையம் பிடிக்கலாம், சோறு பிசையலாம். ஹாண்டிலைச் சுழற்றும் பலம் மட்டும் வரவில்லை. கோட்டாற்று முதலாளி நல்லவர்தான். கார் உனக்குத்தான், ஆனால் காலையில் வண்டி கிளம்பாவிட்டால் சவாரி ஏது, ஒரு மாதம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். சூடான என்ஜினை இஞ்ஞாசி இடக்கையாலேயே திருப்பிவிடுவான். ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த என்ஜின்தான் அவனுக்கு இணங்காது. முதல் இரண்டு நாள் மற்ற டிரைவர்கள் வந்து ஹாண்டில் அடித்துக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அவரவர் வேலை.

கார் இரவில் நிற்பது வடசேரியில், ஜவுளிக்கடையின் பின்புறத்துச் சந்தில் ஒரு ஓலைக் கொட்டகையில். சாவி கொட்டகைத் தூணில், ஆணியில் தொங்கும். ஹாண்டில் முன்சீட்டின் அடியில். இஞ்ஞாசி கோட்டாற்றுச் சர்ச்சில் காலைப் பூசை முடிந்து நடந்து வந்துசேர ஆறு மணி ஆகும்.

நாலாம் நாள் அவன் சந்துமுனையில் திரும்பியபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகையில் ஆள் இல்லை. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். ஒரு மாதம் போனது, மழைக்காலம் வந்து போனது. இஞ்ஞாசி யாரிடமும் விசாரிக்கவில்லை, பூசையிலிருந்து சீக்கிரம் வந்து பார்க்கவும் இல்லை.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், சந்து இன்னும் வெறிச்சோடிக் கிடக்கும்போது, கடையின் பின்கதவு திறக்கும். பொன்னுலிங்கம் மேல்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து ஹாண்டிலைச் செருகுவார். பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைப்பார். வண்டி பிடித்ததும் ஹாண்டிலைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொள்வார்.