திரைச்சீலையைத் தொடக்கூடாது

என் பெயர் பாப்பா. வயது ஐம்பத்திரண்டு. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். பிறந்தபோது ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘பாப்பா’ என்று எழுதியதை மாற்ற என் அப்பாவுக்குக் கடைசிவரை நேரம் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு எனக்கு வாய்த்த புருஷன் பெயர் குழந்தைசாமி. எங்கள் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் மட்டாஞ்சேரியில் கிடையாது.

கொச்சியில் இருக்கிற அந்த மட்டாஞ்சேரியில்தான் இருபத்தாறு வருஷமாகத் தெருக் கூட்டுகிறேன். மாமனார் காலத்தில் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து கார்ப்பரேஷன் வேலையில் சேர்ந்த குடும்பம். எங்கள் செட்டில் பதினோரு பெண்கள், எல்லோரும் இதே மாதிரி வந்த குடும்பத்துப் பெண்கள்தான். எங்களுக்குள் ரகசியம் என்பதே கிடையாது. யார் வீட்டில் என்ன குழம்பு, யாருடைய மருமகள் எத்தனை நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை, யாருக்கு மூலம், எல்லாம் காலையில் துடைப்பத்தைக் கையில் எடுப்பதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கேட்பது தப்பில்லை, சொல்லாமல் இருப்பதுதான் தப்பு. இந்த ராஜ்ஜியத்துக்கு ராணி மஞ்சுஷா.

ஆனால் என்னிடம் ஒன்று இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன்பு என் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். சரியான நேரத்தில் பார்த்ததால் பிழைத்தேன். என் வீட்டுக்காரரையும் டாக்டரையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. செட்டில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவைத்தேன். எங்களில் பாதிப்பேருக்கு அது ஆகியிருந்தது. எங்கே வலி, எத்தனை தையல் என்று கேட்டவர்களிடம் ஷைலஜா தன் ஆபரேஷனைப் பற்றிச் சொன்ன கதையையே திருப்பிச் சொல்லிச் சமாளித்தேன்.

ஏன் மறைத்தாய் என்று கேட்டால், எங்கள் செட்டிலேயே இருந்த பாக்கியலக்ஷ்மியைப் பார்த்ததால் மறைத்தேன். எனக்கு முன்பே அவளுக்கு இதே வியாதி வந்தது. அவள் எல்லோரிடமும் சொன்னாள். அன்றிலிருந்து யாரும் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. முதலில் ரவிக்கையைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் முகம். அவள் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு “நீ உக்காரு, பாவம்” என்பார்கள். அவள் சிரித்தால்கூட, எவ்வளவு தைரியம் பார் என்று அவள் காதில் விழும்படியே பேசிக்கொள்வார்கள். கெட்ட எண்ணம் ஒருத்திக்கும் கிடையாது, எல்லாம் பாசம்தான். அந்தப் பாசம் தாங்காமல் பாக்கியலக்ஷ்மி வேறு வார்டுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டாள். எனக்கு அந்தப் பாசம் வேண்டாம். எனக்கு என் துடைப்பம் போதும்.

ஆஸ்பத்திரியில் பஞ்சு வைத்துத் தைத்த மார்பு ஒன்று கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குனிந்து கூட்டினால் மெல்ல மெல்ல மேலேறிக் கழுத்துக்கு வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைசாமி அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்து, “கனம் பத்தல” என்றார். அவருக்கு லீவு நாளில் காயல் தண்ணீரில் வலை வீசும் பழக்கம் உண்டு. வீச்சு வலையின் ஓரத்தில் கோர்க்கிற ஈயக்குண்டு மூன்றை எடுத்து, துணியைப் பிரித்து, உள்ளே வைத்து, வலை தைக்கிற நூலாலேயே தைத்துக் கொடுத்தார். அதன்பிறகு அது ஒரு நாளும் இடம் மாறியதில்லை. நாளடைவில் அதற்குள் என்ன இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோனது.

இப்படி இருக்கும்போதுதான் விமான ஆசை வந்தது. ஒரு தடவையாவது ஆகாசத்தில் பறக்க வேண்டும் என்று பதினோரு பேரும் இரண்டு வருஷம் சேர்த்தோம். காலையில் பெங்களூருக்கு விமானம், மறுநாள் ரயிலில் திரும்புவது. டிக்கெட் போட்டுத் தந்தது எங்கள் சூப்பர்வைசர் சஜி. நல்ல பையன், ஆனால் கொஞ்சம் அவசரக்காரன். எல்லோரும் ஆதாரைப் படமெடுத்து வாட்ஸாப் குரூப்பில் போடுங்கள் என்றான், போட்டோம். அரை மணி நேரத்தில் பதினோரு பேருடைய பிறந்த தேதியும் பதினோரு பேருக்கும் தெரிந்துவிட்டது. இருபது வருஷமாக என்னை ‘பாப்பாக்கா’ என்று கூப்பிடுகிற மஞ்சுஷா என்னைவிட ஒரு வயது மூத்தவள்! இரண்டு நாள் அவள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் மறுபடியும் என்னை அக்கா என்றே கூப்பிட்டாள்.

அதோடு விட்டானா சஜி? ஏஜென்ஸிக்காரன் கேட்கிறான் என்று குரூப்பிலேயே இன்னொன்று போட்டான்: ‘நோய், ஆபரேஷன், உடம்பில் கருவி, இருந்தால் எழுதவும்.’ ஷைலஜா தன் சர்க்கரை அளவைச் சாப்பாட்டுக்கு முன், பின் என்று பிரித்து எழுதினாள். நான் ‘இல்லை’ என்று எழுதினேன். மஞ்சுஷாவும் ‘இல்லை’ என்றாள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. விமான நிலையத்தில் திரைக்குள்ளே கூட்டிப்போய்த் தடவிப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். தடவினால் தெரியாதா? பொய் எழுதினாய் என்று பிடித்து நிறுத்தி, எல்லோர் முன்னாலும் கேட்டால்? வயிற்று வலி என்று படுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். குழந்தைசாமிதான், “ரெண்டு வருஷமா ஆகாசத்தப் பாத்துட்டே நின்னே, போய் வா” என்றார்.

உடம்பில் இரும்பு, தகரம் எதுவும் கூடாது என்று சஜி சொல்லியிருந்தான். புறப்படுகிற அன்று கொண்டையூசி எடுத்தேன், சேலைக்குக் குத்துகிற ஊக்கு எடுத்தேன், வீட்டுச் சாவியைக் கழற்றி வைத்தேன், மெட்டியைக்கூட உருவி வைத்தேன். இவ்வளவு புத்திசாலி நான்.

வேனில் ஒரே பாட்டும் கூத்தும். வெலிங்டன் தீவில் ஒரு சாயா குடித்தார்கள், வைட்டிலாவில் இன்னொரு டீ. நான் மட்டும் வேனை விட்டு இறங்கவே இல்லை. நெடும்பாசேரி விமான நிலையத்தில் இறங்கியதும் வரிசையில் நின்றோம். பையைப் பெட்டியில் வைத்துத் தள்ளினோம். கடைசி ஆள் நான், எனக்கு முன்னால் மஞ்சுஷா. அவள் திரைக்குள் போய் வெளியே வர நேரமாயிற்று. அவ்வளவு நேரம் உள்ளே என்ன பேசிக்கொண்டிருக்கிறாள் என்று எல்லோரும் கேலி செய்தார்கள். வெளியே வந்தவள் யார் பக்கமும் திரும்பாமல் செருப்பை மாட்டினாள்.

அடுத்தது நான். அந்த நிலைவாசல் மாதிரியான சட்டத்தைத் தாண்டியதும் ‘கீங்’ என்று கத்தியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கொண்டையூசி எடுத்தேனே, மெட்டி எடுத்தேனே என்று நினைத்துக்கொண்டே திரைக்குள் போனேன். காக்கி உடுப்பில் ஒரு சின்னப் பெண், கண்ணூர்க்காரி மாதிரிப் பேச்சு. கையிலிருந்த கருவியைத் தோளிலிருந்து கீழே கொண்டுவந்தாள். இடது பக்கத்தில் அது அழுதது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈயம்! அடப்பாவி மனுஷா, வலைக் குண்டு!

“சேச்சி, இவிடெ எந்தா?”

இங்கே என்ன என்று கேட்கிறாள். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அவள் கருவியைக் கீழே வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஆபரேஷனா சேச்சி?” என்றாள். தலையாட்டினேன். “பயப்படண்டா. தனி ரூம் உண்டு, அங்கே போயி நோக்காம். வேணுமா?”

“வேண்டாம் மோளே, வெளியே எங்க ஆளுங்க இருக்காங்க. தனியா கூட்டிட்டுப் போனா கேப்பாங்க. யாருக்கும் தெரியாது. இங்கயே பாத்துக்கோ.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு வயர்லெஸ்ஸில் மெதுவாக ஏதோ சொன்னாள். மூத்த அதிகாரி அம்மா ஒருவர் பின்பக்கமாக உள்ளே வந்தார். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து, “ஞான் தொட்டு நோக்கட்டே?” என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் தொட்டிருக்கிறார்கள், நர்ஸ் தொட்டிருக்கிறார், படிக்க வந்த பிள்ளைகள் ஆறு பேர் சுற்றி நின்று பார்த்திருக்கிறார்கள். தொடட்டுமா என்று என்னிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

பஞ்சு மார்பை எடுத்துக் கொடுத்தேன். ஈயக்குண்டைப் பற்றியும், வலையைப் பற்றியும், என் வீட்டுக்காரரைப் பற்றியும் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அதிகாரி அம்மா தையலைத் தடவிப் பார்த்தார். ஒரு சின்னத் துணித் துண்டால் அதைத் துடைத்து, அந்தத் துண்டை மட்டும் வெளியே எடுத்துப்போனார், வெடிமருந்து இருக்கிறதா என்று ஏதோ மெஷினில் வைத்துப் பார்க்கவாம். நான் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் வெளியே அந்தக் குரல் கேட்டது.

“பாப்பாக்கா! என்ன இவ்ளோ நேரம்? எந்தா பிரச்னம்?”

மஞ்சுஷா. பின்னாலேயே ஒன்பது பேர் குரலும். நான் வாயைத் திறப்பதற்குள் திரைச்சீலையின் ஓரத்தில் நான்கு விரல்கள் தெரிந்தன. அவை இழுக்கவும் தொடங்கின. என் உயிர் அந்த இடத்திலேயே பாதி போய்விட்டது.

அந்தப் பெண் ஒரே எட்டில் போய்த் திரையைச் சேர்த்துப் பிடித்தாள். “தொடக்கூடாது. உள்ளே ஆளுண்டு.”

“எங்க ஆளுதான் மேடம், ஞங்ஙள் ஒரே செட்டு!”

“ஆரோட ஆளானாலும் சரி. திரைச்சீலையைத் தொடக்கூடாது.”

விரல்கள் போய்விட்டன. அதிகாரி அம்மா திரும்பி வந்து தலையை அசைத்தார். சின்னப் பெண் என் பொருளை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் சரிசெய்துகொள்ளும்வரை முதுகைக் காட்டி நின்றாள். “அடுத்த தடவை டாக்டரோட கடிதம் ஒண்ணு கையில வச்சுக்கோ சேச்சி. நேரா காட்டினா போதும்” என்றாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. காக்கிக்கு பயந்து விட்டுவிட்டேன்.

திரையை விலக்கி வெளியே வந்தால், மஞ்சுஷா முதல் ஆளாக நிற்கிறாள். என்னை விட்டுவிட்டு நேராக அந்தப் பெண்ணிடம் போனாள்.

“எந்தா மேடம் கிட்டியது? எங்க அக்காதான், சொல்லுங்க.”

அந்தப் பெண் அவளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். கோபமில்லை. “சேச்சி, இப்போ பத்து நிமிஷம் முன்னாடி நீங்களும் இதே திரைக்குள்ளே வந்தீங்க. உங்களப் பத்தி அவங்க வந்து கேட்டா நான் சொல்லட்டே?”

மஞ்சுஷா ஓரடி பின்னால் நகர்ந்தாள். இருபது வருஷத்தில் அவள் பின்வாங்கி நான் பார்த்ததில்லை. அவள் முகத்தில் ஒரு பயம் வந்தது. அந்த பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த பயம். காலையிலிருந்து அதைத்தான் நான் சுமந்துகொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ரவிக்கையைப் பார்க்கவில்லை அவள், முகத்தைத்தான் பார்த்தாள்.

அதற்குள் ஷைலஜா ஓடி வந்தாள். “என்னடி, என்னவாம்? ஏன் கத்துச்சு?”

நான் பொய் தேடிக்கொண்டிருந்தேன். மஞ்சுஷா முந்திக்கொண்டாள்.

“ஒண்ணுமில்லடி. பாவாடையில ஊக்கு குத்திட்டு மறந்துட்டாளாம். இவளக் கூட்டிட்டு வந்தா இப்படித்தான்! வாங்க வாங்க, எந்த கேட்டுன்னு பாக்கணும், பிளேனு நம்மள விட்டுட்டுப் போயிரும்.” கோழிக்குஞ்சுகளை விரட்டுவது போல எல்லோரையும் விரட்டிக்கொண்டு போனாள். எல்லோரும் என் மறதியைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவ்வளவு லேசாக இருந்தது உடம்பு.

விமானத்தில் எனக்குப் பக்கத்து சீட் மஞ்சுஷாவுக்கு. பெல்ட்டை மாட்டத் தெரியாமல் இருவரும் தடுமாறி முடித்தபிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“பாப்பாக்கா, நான் கேக்க மாட்டேன்.”

“நானும் கேக்கல.”

விமானம் ஓடத் தொடங்கியதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேலே ஏறியபோது காயலும் தென்னையும் சின்னதாகிக்கொண்டே போயின. எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. முன்சீட்டிலிருந்து ஷைலஜா எட்டிப் பார்த்து, “ஏன்டி பாப்பாக்கா அழறா?” என்றாள்.

“அது அவ காரியம்,” என்றாள் மஞ்சுஷா. “நீ முன்னாடி திரும்பி உக்காரு.”