காலியாக இருந்த பிழைக் கோப்பு

2022 ஆகஸ்டு 9 அன்று காலை, கடலூர் துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஐஸ் பிளாண்டில் அம்மோனியா குழாய் வெடித்து, பக்கிரி என்ற ஃபிட்டர் இறந்தார்.

வெடிப்பதற்குச் சற்று முன்புதான் ஃபோர்மேன் ராஜாமணி சிதம்பரம் ஊருக்குப் போன் போட்டிருந்தார். வாயுக் கசிவை அளக்கும் சென்சாருக்குக் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் எழுதிய எழிலன் அங்கே ஓர் அலுவலகத்தில் இருந்தான். கம்ப்ரசர் அறைக்குள் ஆள் நுழையுமுன் அவனிடம் கேட்டுக்கொள்வது பிளாண்டின் வழக்கம்.

"தம்பி, லேசா நெடி அடிக்குது. பக்கிரிய உள்ள அனுப்பட்டா?"

எழிலன் தன் கம்ப்யூட்டரில், சென்சாரின் பிழைகள் வந்து சேரும் லாக் கோப்பைத் திறந்தான். காலி. வாயு அளவும் வழக்கம்போலவே இருந்தது.

"ஒரு எரரும் இல்லண்ணே. தாராளமா போவச் சொல்லுங்க."

ராஜாமணி போனைக் கையில் பிடித்தபடியே ஆளை அனுப்பினார். வெடிச்சத்தம் எழிலனின் காதுக்குள்ளேயே கேட்டது. பிறகு ஓர் அலறல். தொண்டை வெந்து, இருமலாகி, நின்றுபோனது.

எழிலன் ஸ்கிரிப்டில் தான் எழுதிய வரியைப் பார்த்தான். பிழைச் செய்திகளைக் கோப்புக்குத் திருப்பிவிடும் குறியை, கோப்பின் பெயருக்குப் பின்னால் போடாமல் முன்னால் போட்டிருந்தான். சென்சார் முந்தின நாளே செத்திருந்தது. எழிலனின் திரையில் நின்றது பழைய அளவு. பிழைச் செய்திகள் ஒன்றுகூடக் கோப்புக்கு வரவில்லை. பிளாண்டிலிருந்த கம்ப்யூட்டர் திரையிலேயே கொட்டியிருந்தன. உப்புக்காற்றுக்குப் பயந்து அந்தத் திரையைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

"சென்சார் வித்தவன் மேல போட்டுடலாம். வாயத் தொறந்த, ரெண்டு பேரும் ஜெயிலுக்குத்தான்" என்றார் எழிலனின் அலுவலக முதலாளி ஸ்ரீதர்.

மதியம் பக்கிரியின் மைத்துனன் வினோத்குமார், ராஜாமணி சொல்லக் கேட்டு, இரண்டு பேரோடு அந்த அலுவலகத்துக்கு வந்தான். கண்ணாடிக் கதவு முதல் உதையிலேயே நொறுங்கியது.

"எவன்டா எங்க மாமாவ உள்ள போவச் சொன்னது?"

"சென்சார்ல கோளாறுப்பா..." என்ற ஸ்ரீதரின் வாயில் அறை விழுந்தது. பல்லோடு ரத்தம் மேசையில் தெறித்தது. அடுத்த அடிக்கு, கொண்டுவந்திருந்த இரும்புக் கம்பியை ஓங்கினான் வினோத்குமார்.

"அவர வுடுங்க. நான்தான் சொன்னேன்" என்றான் எழிலன். "எரர் வந்துகிட்டேதான் இருந்துருக்கு. நான் தப்பா எழுதுனதால எனக்குத் தெரியல."

"தெரியலயா? மூஞ்சி வெந்து தொங்குது, எங்கக்காவுக்கே அடையாளம் தெரியலடா!"

மற்ற இருவரும் எழிலனின் வலது கையை மேசைமேல் அழுத்திப் பிடித்தார்கள். கம்பி மூன்று முறை இறங்கியது. எலும்பு உடையும் சத்தம் வாசலில் நின்ற ஆட்டோக்காரர்களுக்கும் கேட்டது.

வினோத்குமார் ரிமாண்டில் வைக்கப்பட்டான். எழிலனின் வாக்குமூலத்தை ஆஸ்பத்திரியிலேயே பதிவு செய்தார்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக அவன் மீதும் ஸ்ரீதர் மீதும் வழக்குப் பதிவானது.