ஒட்டுமுள்

பேண்ட்டின் கால் மடிப்பில் போன வருஷம் கடற்கரையில் அப்பிய ஒட்டுமுள்களை மகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பழைய பேப்பரில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா நேற்று மத்தியானம் இறந்துபோனார். நாலு மணிக்கு வண்டி வரும். கடற்கரைக்குப் போட்டுக்கொண்டு போகும் அந்தக் காக்கி பேண்ட்டையே போட்டு அனுப்ப வேண்டும், வேறு எதிலாவது பார்த்தால் அவருக்கே அவரை அடையாளம் தெரியாது என்று அம்மா அழுகைக்கு நடுவில் சொல்லிவிட்டாள்.

நெட்டைக் கால் என்பதால் ஊரே அவரைக் கொக்கு என்றுதான் கூப்பிடும். குழாய் ரிப்பேர் பிழைப்பு. பனி முடிகிற மாதத்து ஞாயிறுகளில், விடிந்ததும் கழிமுகத்துக்குப் போய்ப் பறவைகளையும் செடிகொடிகளையும் பார்த்து நோட்டில் எழுதுவதுதான் உயிர். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஞாயிறு தப்பியதில்லை. வடகரை அவருக்கு, தென்கரை சிநேகிதர் தபால்காரருக்கு. கண்ணால் பார்க்காதது நோட்டில் ஏறாது என்பது இருவருக்கும் சட்டம்.

இந்த வருஷம் மூச்சு வாங்கிக் கட்டிலோடு கிடந்ததால் போன ஞாயிறு மகளை அனுப்பினார். அவளோ கடற்கரை முனையில் இருந்த பேக்கரியோடு நின்றுவிட்டாள். சூடாக டீ, கையில் போன். ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, போன வருஷத்துப் பக்கத்தில் பார்த்து வைத்திருந்ததை மளமளவென்று ஒப்பித்தாள். உமரிச் செடி சிவந்திருக்கிறது, அடம்பங்கொடியில் மூன்று பூ, சேற்றைக் கொத்திக்கொண்டு நாற்பது உள்ளான் குருவி, அதில் போன வருஷம் வந்த ஒற்றைக்கால் உள்ளானும் உண்டு.

“தண்ணி எங்கம்மா இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டார்.

“ரொம்ப தூரத்துலப்பா. எங்க பாத்தாலும் சேறுதான்.”

அவர் அவளுடைய பேண்ட்டின் கால் ஓரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, பனியில் நின்றிருப்பாய், போய்ச் சாப்பிடு என்றார். அப்பாடா, தப்பித்தோம் என்று இருந்தது அவளுக்கு. சாகக் கிடந்த மனிதரை ஏமாற்றிவிட்டோமே என்று இப்போது அடுத்த முள்ளை வெடுக்கென்று பிடுங்கினாள்.

தபால்காரர் வந்து வாசலோர ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு நோட்டைக் கேட்டார். இந்த வாரத்துக்குள் பறவைக் கணக்கெடுப்பு ஆபீசுக்குப் பட்டியலை அனுப்ப வேண்டுமாம், கொக்கு பேரில் போகிற கடைசிப் பட்டியலாம். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள், சொல்லாமலே உள்ளே போனாள். இத்தனை வருஷத்துச் சுத்தமான நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளுடைய நாற்பது பொய் உள்ளான்கள் உட்கார்ந்திருக்கும். எடுத்து வந்து கொடுத்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டி, கடைசிப் பக்கத்தை இரண்டு தரம் படித்தார். பிறகு சத்தமாகப் படித்தார்.

“‘இன்று யாரும் போகவில்லை. ஆள் அனுப்ப மறந்துவிட்டேன்.’”

அவ்வளவுதான் எழுதியிருந்தது, அப்பாவின் கையெழுத்தில்.

“மறக்கிற ஆளாம்மா அவன்? அன்னிக்கு ஏழு மணிக்குத் தண்ணி அடம்பங்கொடி வரைக்கும் ஏறி நின்னுச்சு. பொட்டுச் சேறு கிடையாது. பறவை பூரா மேட்டுல ஒண்ணா ஒதுங்கியிருந்துச்சு, எண்ணுறதுக்கு அப்படி ஒரு நாள் அமையாது. அந்த நாள் வருதுன்னு ஒரு வாரம் முன்னாடியே எனக்குச் சொன்னதே அவன்தான்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதைப் போய் மறந்திருக்கானே. அவ்வளவா முடியாம போச்சு?”

அவளுக்குக் காது மடல் எரிந்தது. சேறு என்று சொன்ன அந்த நிமிஷமே அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு முள்கூட ஒட்டாத கால் ஓரத்தைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போகச் சொல்லியிருக்கிறார். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் இத்தோடு முடிந்துவிடும், மறதி மட்டும் அவர் பேரில் நிற்கும்.

“அவர் மறக்கல மாமா,” என்றாள். “என்னைத்தான் அனுப்பினார். நான் பேக்கரியில உக்காந்துட்டு வந்து பொய் சொல்லிட்டேன்.”

ஓர் அறை விட்டிருந்தால் தேவலை. அவர் திட்டவுமில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். அப்பாவின் வரியை அடிக்க அவளுக்குக் கை வரவில்லை. அதற்குக் கீழே, ‘அனுப்பினார். நான் போகவில்லை’ என்று எழுதினாள். அவர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“வர்ற ஞாயிறு ஏழு மணிக்குத் தண்ணி நல்லா வடிஞ்சிருக்கும்,” என்றார் தெருவைப் பார்த்தபடி. “வடகரைக்கு ஆள் இல்ல.”

உள்ளேயிருந்து அம்மா, பேண்ட் ஆயிற்றா என்று கேட்டாள். ஆயிற்று என்று மகள் எழுந்தாள். இடது கால் மடிப்புக்குப் பின்னால் ஒரு முள் மிச்சமிருந்தது. அதைப் பிடுங்காமல் மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.