வறுக்காத மாவு

கனகம் தெமோதரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். கம்சலாவின் கணவனுக்கு அவள் அக்கா. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பையிலிருந்து அரிசி மாவை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ரெண்டு கிலோ. வறுத்து, சலிச்சு வச்சிருக்கேன்."

"எந்த மில்லுல அரைச்சீங்க அண்ணி?"

"நம்ம மில்லுதான்."

அதே மில்லில்தான் மடுவத்துக்கான சத்துமாவையும் கனகம் அரைப்பாள். அதில் வேர்க்கடலை, அதாவது கச்சான், சேரும். அந்தத் தூள் மிசினில் ஒட்டியிருக்கும் என்று கம்சலா நினைத்தாள்.

கம்சலாவின் மகள் துஷாந்தினிக்கு ஏழு வயது. கோதுமையும் கச்சானும் அவள் உடம்புக்கு ஆகாது. போன வருடம் பள்ளிக்கூடத்துக் கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் எல்லோரும் பகிர்ந்து உண்ண, அவள் மட்டும் தன் டப்பாவுடன் தனியே உட்கார்ந்திருந்தாள். இந்த முறை வகுப்பு முழுவதும் அவள் கொண்டுபோகும் பிஸ்கட்டைச் சாப்பிட வேண்டும் என்று கம்சலா முடிவு செய்திருந்தாள். நாளை ஒளிவிழா.

கனகம் குளிக்கப் போனாள். கம்சலா அந்த மாவைக் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் வைத்தாள். டவுன் கடையில் வாங்கிய அரிசி மாவு பக்கெட்டைப் பிரித்தாள். அதன் பின்புறத்து எழுத்துகளைக் கடையிலேயே மூன்று முறை வாசித்திருந்தாள். மாவு, சீனி, மாஜரின், பேக்கிங் பவுடர் சேர்த்துப் பிசைந்தாள். வெறும் பக்கெட்டைக் குப்பையின் அடியில் திணித்தாள்.

கனகம் ஈரத் தலையோடு வந்து மாவில் கை வைத்தாள். கொஞ்சம் கிள்ளி விரல்களுக்கிடையே தேய்த்தாள்.

"இது நான் கொண்டாந்த மாவு இல்ல."

"ஏன் அப்பிடிச் சொல்றீங்க?"

"என்னுது வறுத்தது. இது பச்ச மாவு. கைக்குத் தெரியாதா? எங்க வச்சிருக்க?"

"சிலிண்டருக்குப் பின்னால."

"கொட்டாம வச்சியே. அந்த மட்டுக்கும் மரியாததான்."

கம்சலா மாவைத் தட்டி நட்சத்திரமாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்து காலையில அஞ்சரைக்கே மில்லு வாசல்ல நின்னேன்" என்றாள் கனகம். "மொத ஆளு நான்தான். மிசினக் கழட்டித் தொடைக்கச் சொன்னேன். ஒங்க வீட்டுல மகாராணி யாராச்சும் இருக்காங்களான்னு மில்லுக்காரன் கேட்டான். ஆமா, பதுளையில ஒருத்தி இருக்கான்னு சொன்னேன்."

கம்சலா சிரிக்கவில்லை. தட்டை ஓவனுக்குள் வைத்து மூடினாள்.

"தீவாளிக்கு என்ன நடந்துச்சு அண்ணி?"

அன்று தெமோதரையில், கனகத்தின் லயத்து வீட்டில், பிள்ளையின் உதடு வீங்கியது. மூச்சு இழுத்தது. வீட்டில் கச்சான் இல்லை என்று கம்சலா காலையிலேயே பார்த்து வைத்திருந்தாள். கனகம்தான் செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடி வேனைப் பிடித்தாள். ஒரு மாதமாகக் கம்சலா அந்த நாளை மணி மணியாக நினைத்துப் பார்த்திருந்தாள். ஒரு பத்து நிமிடம் மட்டும் கணக்கில் வரவில்லை. அவள் குழாயடியில் இருந்தபோது பிள்ளை கனகத்தின் மடியில் இருந்தது.

கனகம் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"அர கச்சான், என் பையில கெடந்துச்சு. முழுசு கூட இல்ல. கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கினா சரியாயிரும்னு நெனச்சேன்."

"புள்ள என்ன சாப்பிட்டுச்சுன்னு டொக்டர் கேட்டாரே. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

"நின்னேன்."

"சொல்லலியே."

"ஒன் மொகத்தப் பாத்தேன். வாய் வரல."

ஓவனுக்குள் நட்சத்திரங்கள் மெல்ல உப்பின. கம்சலா கண்ணாடி வழியே அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பிகிட்ட சொல்லப் போறியா?"

"சொல்லுவேன்."

"சொல்லு. பிஸ்கட்ட முடிச்சிட்டுச் சொல்லு. அவன் சத்தம் போட்டா புள்ள பயந்துரும்."

பிஸ்கட் ஆறியது. ஐசிங் சீனியில் ஒரு பங்குக்குப் பீட்ரூட் சாறும் மற்றதுக்குப் பச்சை நிறத்துக்காக ரம்பை இலைச் சாறும் கலந்து, கம்சலா இரண்டு பொலித்தீன் பைகளில் நிரப்பினாள். துஷாந்தினி உள்ளே ஓடி வந்தாள்.

"அத்தை, நீங்கதான் கோடு போடணும். அம்மா போட்டா கோணலா வரும்."

கனகம் எழுந்திருக்கவில்லை. கம்சலாவைப் பார்த்தாள்.

"ஒங்க பைய வெளிய வைங்க" என்றாள் கம்சலா.

கனகம் பையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள்.

"கையக் கழுவுங்க. முழங்கை வரைக்கும்."

கழுவினாள்.

"இந்தச் சேலையிலதான மடுவத்துக்குப் போறீங்க?"

கம்சலா அறைக்குள் போய்த் தன் சட்டை ஒன்றை எடுத்து வந்தாள். கழுத்திலிருந்து கால் வரை நீளும் பூப்போட்ட நைட்டி. கனகம் அதை மாற்றிக்கொண்டு வந்ததும் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது.

"அம்மா சட்டையில அத்தை."

"பேசாம இரு. கை ஆடும்" என்றாள் கனகம். போகிற போக்கில், யாரும் சொல்லாமலே, மறுபடியும் கையைக் கழுவினாள். ஐசிங் பையின் முனையைக் கத்தரித்து முதல் நட்சத்திரத்தின் ஓரமாகச் சிவப்புக் கோடு இழுத்தாள். நேராக வந்தது.

கம்சலா நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். இன்னும் முப்பத்தெட்டு நட்சத்திரங்கள் இருந்தன. அவள் கனகத்தின் விரல்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.